கூட யாரு வந்திருக்கீங்க?

அந்த ஊர் ஆஸ்பத்திரியில் ‘ஸ்கேன் அறை’ என்று நீல எழுத்தில் பலகை மாட்டிய அறை ஒன்று உண்டு. கதவைத் திறந்தால் எதிரே நீள மேசை, மேசைமேல் இஸ்திரிப் பெட்டி, சுவரோரம் கூரையைத் தொடும் அளவுக்குப் போர்வைகளும் படுக்கை விரிப்புகளும். மிஷின் கிடையாது. வரும் என்று சொல்லித்தான் அறையைக் கட்டினார்கள். சுவரைச் சாதாரணச் சுவரைவிடத் தடிமனாக எழுப்பினார்கள். ஏசி வைக்க மேலே ஒரு ஓட்டையும் விட்டார்கள். பலகை வந்தது. ரிப்பன்கூட வந்தது என்று சொல்வார்கள். மிஷின் மட்டும் வழி தெரியாமல் எங்கேயோ நின்றுவிட்டது. சும்மா கிடக்கிற அறையை ஏன் வீணாக்க வேண்டும் என்று சலவைத் துணிகளை அங்கே கொண்டுபோய் அடுக்கினார்கள். துணியோடு துணியாக அவளும் அங்கே போய்ச் சேர்ந்தாள். ஏசிக்கு விட்ட ஓட்டையில் ஒரு குருவிக் குடும்பம் குடியேறியது.

துணி மடிப்பதுதான் அவள் வேலை. பலகையைப் படிக்கத் தெரிந்தவர்கள் அவளை அந்த வேலையைச் செய்யவிட்டால்தானே. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு, வயிற்றைப் பிடித்துக்கொண்டோ தலையில் துண்டைக் கட்டிக்கொண்டோ நேரே உள்ளே வந்துவிடுவார்கள். ஒரு நாள் ஒரு பெரியவர், அவள் போர்வை எடுக்கத் திரும்பிய நேரம் பார்த்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மேசைமேல் ஏறி மல்லாக்கப் படுத்துவிட்டார்.

“ஐயா, எறங்குங்க! அது இஸ்திரி மேசை!”

“பரவாயில்லம்மா, கதகதன்னு நல்லாத்தான் இருக்கு. நீ படத்தை எடு.”

அவரை இறக்கி உட்காரவைத்து, இங்கே படம் எடுக்க மிஷின் இல்லை, சிட்டிக்குத்தான் போக வேண்டும் என்று புரியவைப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. “அப்புறம் எதுக்கும்மா போர்டு?” என்று கேட்டார். அவள் ஆணியிலிருந்த சட்டையை எடுத்து நீட்டினாள். “சரி, சிட்டியில எங்க போறது?” என்றார். அது அவளுக்கே தெரியாது. அன்றைக்கே ஊர் அவளுக்கு ஸ்கேன் அக்கா என்று பெயர் வைத்துவிட்டது. அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

ஸ்கேனைப் பற்றி அவள் கற்றுக்கொண்டது நாத்தனார் புண்ணியத்தில்.

நாத்தனார் என்றால் வீட்டுக்காரரின் தங்கை. பக்கத்து வீடு, வாய் கொஞ்சம் நீளம். ஒரு மழைக்காலத்தில் அவளுக்கு வயிற்றில் சுருட்டிச் சுருட்டி வலி வந்தது. ஆஸ்பத்திரி டாக்டரம்மா அழுத்திப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், இருக்கிற ஒரே மிஷினில் எக்ஸ்ரேயும் எடுத்துப் பார்த்தார். படத்தில் எலும்புகள் எல்லாம் அழகாகத் தெரிந்தன. வலி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. சிட்டிக்குப் போய் வயிற்று ஸ்கேன் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். கூடப் போயிருக்க வேண்டியவர் அண்ணன்காரர். அவர் பஞ்சர் கடை வைத்திருப்பவர்; லாரி டயரைத் தனியாளாகப் புரட்டுவார், மருந்து வாசனை பட்டால் மட்டும் கண் செருகிவிடும். அதனால் அண்ணியான அவள்தான் போனாள்.

மலையைச் சுற்றிச் சுற்றி இறங்குகிற பஸ். பாதி வழியில் நாத்தனாரின் முகம் வெளுத்துப்போக, அண்ணி பதறிப்போய் ஒரு டீயும் நாலு பிஸ்கட்டும் வாங்கி, குழந்தைக்கு ஊட்டுகிற மாதிரி ஊட்டிவிட்டாள். ஸ்கேன் சென்டரில் கவுன்டரில் இருந்த பெண் கேட்டாள்: “என்ன சாப்பிட்டீங்க?”

“ஒண்ணுமில்லம்மா. வெறும் நாலு பிஸ்கட்டு.”

“வெறும் வயித்துல வரணும்னு யாருமே சொல்லலையா?”

யாருமே சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றியதில்லை. இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று சிட்டி நினைத்துக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் நாத்தனார் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு சொன்னாள்: “நாலு பிஸ்கட்டுக்காக மலை எறங்கி மலை ஏறுறோம் அண்ணி. அதுவும் நமத்துப்போன பிஸ்கட்டு.” சொல்லிவிட்டு வலியோடு சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க வலித்தது, வலிக்க வலிக்கச் சிரித்தாள். அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த வாரம் போனதில் பித்தப்பையில் கல் என்று தெரிந்தது, எடுத்துப் போட்டார்கள், நாத்தனார் பழையபடி வாயாட ஆரம்பித்தாள். ஆனால் அந்த நாலு பிஸ்கட் அண்ணியின் தொண்டையிலேயே நின்றுவிட்டது. இனி இந்த ஊரிலிருந்து எவரும் பிஸ்கட்டுக்காகத் திரும்பி வரக்கூடாது. யாரிடமும் சொல்லாமல் எடுத்த முடிவு. வார லீவு நாளில் யாராவது ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவாள். டிக்கெட் அவர்கள் செலவு, மதியச் சோறு அவள் கொண்டுபோன டிபன் பாக்ஸில்.

போகப் போகத் தெரிந்துகொண்டாள். எந்த ஸ்கேனுக்கு வயிறு காலியாக இருக்க வேண்டும், எதற்கு வயிறு முட்டத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதெல்லாம் விரல் நுனிக்கு வந்தது. தண்ணீர் குடிக்க வேண்டியவர்களை அவள் வீட்டிலேயே குடிக்கவிடமாட்டாள். மலை இறங்கி, சுங்கச்சாவடி தாண்டியதும் பாட்டிலை நீட்டுவாள். “இப்பக் குடிங்க. முன்னாடியே குடிச்சா வளைவுக்கு வளைவு பஸ்ஸை நிறுத்தச் சொல்வீங்க. கண்டக்டர் என்னைத்தான் திட்டுவாரு.”

சிட்டியில் அந்த ஒரே தெருவில் இருந்த ஸ்கேன் சென்டர்கள் அவள் ஊரின் டீக்கடைகளைவிட அதிகம். அங்கே வருகிறவர்களை அவள் பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பாள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, வீட்டுச் செருப்போடு வந்து, படம் எடுத்துக்கொண்டு, போகிற வழியில் காய்கறி வாங்கிப் போகிறார்கள். பந்து விளையாடி முட்டி பிசகிய பையன் ஒருவன், காதில் பாட்டு கேட்டபடி உள்ளே போய்ப் பாட்டு கேட்டபடி வெளியே வந்தான். “முட்டி வலிச்சா இவங்க வர்றாங்க. முட்டி போயிடுச்சான்னு உறுதி பண்ண நாம வர்றோம்,” என்று நாத்தனாரிடம் ஒருமுறை சொன்னாள். பொறாமையா என்று கேட்டால் தெரியாது. நனைந்த துணியைத் தூக்கும்போது கையில் தெரிகிற கனம் மாதிரி ஒன்று.

எல்லோருக்கும் காலையில்தான் நேரம் கொடுப்பார்கள். மலையிலிருந்து முதல் பஸ் வந்து சேரும்போது வெயில் ஏறியிருக்கும். பெயரைக் கூப்பிட்டு ஆள் இல்லை என்று அடுத்தவரை அனுப்பியிருப்பார்கள். கவுன்டர் பெண்ணோடு அவள் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமல்ல.

“லேட்டா வந்தா நாங்க என்ன பண்றது?”

“தங்கச்சி, பஸ்ஸை நான் ஓட்டலை. நான் ஓட்டுனா இதைவிட லேட்டாத்தான் வரும்.”

கவுன்டர் பெண் தன்னையறியாமல் சிரித்துவிட்டாள். அதன் பிறகு மதிய இடைவேளைக்கு முன்னால் கொஞ்ச நேரம் ‘பஸ்காரங்க நேரம்’ என்று ஒதுக்கப்பட்டது. எங்கும் எழுதி ஒட்டவில்லை. அவளுக்கும் கவுன்டருக்கும் உள்ளே இருந்த டெக்னீஷியனுக்கும் மட்டும் தெரிந்த ஏற்பாடு.

எம்ஆர்ஐ என்கிற பெரிய மிஷின் இருக்கிற அறைக்குள் இரும்பு, நகை எதுவும் போகக்கூடாது. அதனால் அவள் இடுப்பில் ஒரு சுருக்குப்பை. மோதிரம், தோடு, சாவிக்கொத்து, காது மிஷின், கைக்குட்டையில் சுற்றிய பல்செட் எல்லாம் அதற்குள் போகும். கண்ணாடிக்குத் தனியாக ஒரு டப்பா. கதவு சாத்தியதும் பையை ஒரு கையால் பொத்திப் பிடித்துக்கொண்டுதான் உட்காருவாள். “அடகுக் கடை திறந்தாச்சா?” என்று டெக்னீஷியன் கிண்டல் செய்வான்.

அவளுடைய இன்னொரு வேலை, பயப்படுகிறவர்களுக்குத் தைரியம் சொல்வது. “உள்ள ஒண்ணுமே இல்ல. கண்ணை மூடிட்டு வீட்டு வேலையை ஒவ்வொண்ணா நெனச்சுட்டு இருங்க. நினைச்சு முடிக்கிறதுக்குள்ள எழுப்பி விட்டுருவாங்க. நானே போயிருக்கேனே!” கடைசி வார்த்தை பொய். அவள் அந்தக் கதவைத் தாண்டியதே இல்லை. அந்த ஒரு பொய்யைப் பிடித்துக்கொண்டுதான் ஊரில் பாதிப் பேர் உள்ளே போய் வந்தார்கள்.

இப்படி வருஷங்கள் ஓடின. குருவிகள் தலைமுறை தலைமுறையாகக் குஞ்சு பொரித்தன. டாக்டரம்மாக்கள் மாறினார்கள். பலகையில் நீலம் வெளுத்தது.

ஒரு நாள் விரிப்பை இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கும்போது கருகல் வாசனை வந்தது. துணி கருகுகிறதென்று பெட்டியைத் தூக்கினாள். துணி வெள்ளை வெளேரென்று இருந்தது. கருகியது அவளுடைய வலது கைச் சுட்டுவிரல். வலிக்கவே இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

டாக்டரம்மா விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, “தெரியுதா? தெரியுதா?” என்று கேட்டார். குண்டூசியால் குத்தினார். சின்னச் சுத்தியலால் முழங்கையில் தட்டினார். “கழுத்துல நரம்பு மாட்டியிருக்கலாம். வேற ஏதாவதாவும் இருக்கலாம். படம் பாக்காம நான் என்ன சொல்றது? தள்ளிப் போடாதீங்க அக்கா. கை சுத்தமா மரத்துப் போயிட்டா அப்புறம் எதைப் பண்ணாலும் திரும்பாது.” பிறகு அவரே சிரித்துக்கொண்டார். “உங்களுக்குப் போய் நான் வழி சொல்லணுமா?”

“அடுத்த வாரம் போயிடுறேன்மா,” என்றாள்.

அடுத்த வாரம் போனாள், ஒரு கர்ப்பிணிப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு. அதற்கடுத்த வாரம் ஒரு தலைவலிக்காரர். பெரிய மிஷின் அறைக்கு வெளியே அதே பெஞ்சில் உட்கார்ந்தாள், அதே டெக்னீஷியனோடு பேசினாள், தன் கையைப் பற்றி மூச்சுவிடவில்லை. வீட்டில் தம்ளரை இடது கையால் பிடித்தாள். விரிப்பை மடிக்கும்போது வலப்பக்க முனை நழுவிக்கொண்டே இருந்தது. தாடையால் அழுத்திப் பிடித்து மடித்தாள். வீட்டுக்காரர் கவனிக்கவில்லை. நாத்தனார் கவனித்தாள். கவனித்ததோடு நிற்காமல் நேரே டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டும் விட்டாள். ஆனால் வாயைத் திறக்கவில்லை. அவள் வாயைத் திறக்காமல் இருந்தது அந்தத் தெருவின் வரலாற்றில் அதுதான் முதல் தடவை. அதிலேயே அண்ணிக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அந்த வாரம் சிட்டிக்குக் கிளம்பியது மாவு மில்காரர். ஆள் கதவு அகலம். இடுப்பில் பிடித்த வலி காலுக்கு இறங்கி, மூட்டை தூக்க முடியாமல் போயிருந்தது. பஸ் கிளம்பும் நேரத்தில் நாத்தனாரும் வந்து ஏறினாள்.

“நீ எங்கடி?”

“வயிறு மறுபடி பிடிக்குது அண்ணி. இன்னொரு தடவை பாத்துட்டா நிம்மதி.”

“முன்னாடியே சொல்றதில்லையா? எதுவும் சாப்பிடலியே?”

“பச்சத் தண்ணிகூடக் குடிக்கலை.”

மாவு மில்காரர் இரண்டு பேர் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்து, வழியெல்லாம் கேள்வி கேட்டார். “மூச்சு முட்டுமா அக்கா? கதவைச் சாத்திருவாங்களா? கரண்ட்டு போனா நான் உள்ளயே மாட்டிக்குவேனா?”

“ஒண்ணுமே இல்லண்ணே. நானே போயிருக்கேனே.”

“எதுக்குப் போனீங்க?”

இதுவரை யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, “முதுகுக்கு,” என்றாள். பின் சீட்டில் நாத்தனார் இருமினாள்.

இருமியது சும்மா இல்லை. பாதி வழியில் கருக்முருக்கென்று சத்தம் கேட்டு அண்ணி திரும்பிப் பார்த்தாள். நாத்தனார் மடியில் ஒரு பிஸ்கட் பாக்கெட் பிரிந்து கிடந்தது, உதட்டோரம் தூள்.

“அடிப்பாவி! சாப்பிடுறியா? இன்னைக்கும் திருப்பி அனுப்பப் போறாங்க!”

“அனுப்பட்டும்.”

“அனுப்பட்டுமா?”

“பசிக்குது அண்ணி. நமத்துப் போகாத பிஸ்கட்டு, நீங்களும் ஒண்ணு எடுங்க.”

அண்ணிக்குக் கோபத்தில் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் ஊருக்கே சொல்லிக் கொடுத்து, சொந்த நாத்தனார் பஸ்ஸில் உட்கார்ந்து பிஸ்கட் தின்கிறாள். சிட்டி வரும்வரை முகம் கொடுத்துப் பேசவில்லை.

பெரிய மிஷின் அறை வாசலில் மாவு மில்காரர் மோதிரம், வாட்ச், மில் சாவி, இடுப்பு அரணாக்கொடி என்று ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்தார். எல்லாம் சுருக்குப்பைக்குள் போனது. கதவு சாத்தியது. தடதடவென்று சத்தம் சுவர் வழியாக வந்தது. அவள் பையைப் பொத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் வெளியே வந்து பெஞ்சில் பொத்தென்று விழுந்தார். கவுன்டர் பெண் தலையை நீட்டினாள்.

“பஸ்காரங்க, அடுத்தது யாரு? கழுத்து ஸ்கேன்.”

நாத்தனார் அசையவில்லை. சேலையில் ஒட்டியிருந்த பிஸ்கட் தூளைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“உனக்கு வயிறுதானேடி?” என்றாள் அண்ணி.

“எனக்கு வயித்துல பிஸ்கட்டுதான் இருக்கு. கூப்பிடுறது உங்களை. போன வாரமே போன் பண்ணிச் சொல்லி வச்சுட்டேன்.”

அண்ணி பெஞ்சிலிருந்து எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். “இன்னைக்கு வேணாம். மில்லுக்கார அண்ணனைத் தனியா அனுப்ப முடியாது. இவரு நகை வேற எங்கிட்ட இருக்கு.”

“அண்ணி.”

“தெரியாதவங்க போயிடலாம்டி,” என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “நான் எத்தனை வருஷமா இந்தக் கதவையே பாத்துட்டு உக்காந்திருக்கேன். அந்தத் தம்பி வெளிய வந்து ஏதாவது கிண்டல் பண்ணா ஒண்ணுமில்லன்னு அர்த்தம். மெதுவா வந்து ‘கூட யாரு வந்திருக்கீங்க’ன்னு கேட்டா முடிஞ்சது. எத்தனை பேருக்கு நான் எந்திரிச்சு ‘நான்தான்’னு சொல்லியிருக்கேன் தெரியுமா? அந்த மூஞ்சியை எனக்குன்னு பாக்க என்னால முடியாது.”

நாத்தனாரின் கை தூள் தட்டுவதை நிறுத்திவிட்டது. மாவு மில்காரர்தான் தொண்டையைக் கனைத்தார்.

“அக்கா, நீங்க உள்ள போனதே இல்லதானே?”

அவள் சுருக்குப்பையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

“போயிருந்தா அப்படிச் சொல்லியிருக்க மாட்டீங்க. ஒண்ணுமே இல்லையாம்! என் மில்லுக்குள்ள தலையை விட்ட மாதிரி இருக்கு. மூக்கு அரிக்குது, சொறியக் கூடாதுங்கறாங்க. வீட்டு வேலையை நெனச்சேன், என் வீட்டுல நான் எந்த வேலையும் பாக்கிறதில்லங்கறதுதான் ஞாபகம் வந்துச்சு.” நாத்தனார் களுக்கென்று சிரித்தாள். அவர் தொடர்ந்தார்: “ஆனா முடிஞ்சுருது அக்கா. அது நெசம். நானே முழுசா வெளிய வந்துட்டேன்ல? போயிட்டு வாங்க. நாங்க இங்கதான் இருக்கோம்.”

நாத்தனார் எழுந்து நின்று கையை ஏந்தினாள். அண்ணி தோட்டைக் கழற்றினாள். வளையல், தலைப் பின், சேலைக்குக் குத்தியிருந்த ஊக்குகள். வலது கை விரல்கள் ஊக்கைத் திறக்க மறுத்தன. நாத்தனாரே குனிந்து ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கடைசியில் கண்ணாடி. கழற்றியதும் தாழ்வாரம் முழுதும் ஈரத் துணிக்குப் பின்னால் போய்விட்டது.

உடை மாற்றிக்கொண்டு, ஆஸ்பத்திரி அங்கியோடு வாசலில் நின்றாள். டெக்னீஷியன் கையிலிருந்த கருவியை மேலிருந்து கீழாக நகர்த்தினான். இடுப்புக்கு வந்ததும் அது கீச்சென்று கத்தியது.

“அக்கா, இடுப்புல என்ன?”

சுருக்குப்பை. அங்கியின் நாடாவில் பத்திரமாக முடிந்திருந்தது. உள்ளே மாவு மில்காரரின் மோதிரம், வாட்ச், அரணாக்கொடி, மில் சாவி எல்லாம். தன்னுடையதையெல்லாம் கழற்றிக் கொடுத்தவளுக்கு, அடுத்தவர் பொருளை இடுப்பைவிட்டு இறக்கக் கை வரவில்லை. அங்கி மாற்றும்போது கையே தானாக எடுத்து முடிந்துவிட்டது.

“போச்சுடா! என் மில்லையே மிஷினுக்குள்ள கொண்டுபோகப் பாத்தீங்களே!” என்றார் மாவு மில்காரர். கவுன்டர் பெண் சிரித்தாள். அண்ணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கதவைத் தாண்டிவிட்டாள்.

உள்ளே குளிர். மிஷின் வெள்ளையாக, மங்கலாக, பெரிய வாயைத் திறந்துகொண்டு இருந்தது. இவ்வளவு காலம் இதைப் பற்றித்தானா பேசிக்கொண்டிருந்தோம் என்று நினைத்தாள். டெக்னீஷியன் படுக்கவைத்து, காதை அடைத்து, ஒரு ரப்பர் உருண்டையை அவள் வலது உள்ளங்கையில் வைத்தான். “பயமா இருந்தா இதை அழுத்துங்க அக்கா.”

அவன் வைத்தான் என்று பார்த்துத்தான் தெரிந்தது.

“தம்பி, அதை இடது கையில குடு. இந்தக் கைக்கு ஒண்ணும் தெரியறதில்ல.”

அந்தக் கட்டடத்தில் அவள் அதைச் சொன்னது அதுதான் முதல் முறை. அவன் அவள் விரல்களை ஒருமுறை பார்த்தான். பிறகு உருண்டையை இடம் மாற்றி வைத்தான்.

சத்தம் ஆரம்பித்தது. மாவு மில்காரர் சொன்னது சரிதான். மூக்கு அரித்தது; அதுவும் சரி. வீட்டு வேலையை நினைத்துப் பார்த்தாள். மனசுக்குள் ஒரு விரிப்பை எடுத்து உதறினாள். இந்த முனையை அந்த முனையோடு சேர்த்தாள். மனசுக்குள்ளும் வலப்பக்க முனை நழுவியது. மறுபடி எடுத்தாள், மறுபடி நழுவியது. அந்த ஒரே விரிப்பைத்தான் சத்தம் நிற்கும்வரை மடித்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்தபோது டெக்னீஷியன் பின்னாலேயே வந்தான். அவனிடம் கிண்டல் இல்லை. மெதுவாகக் கேட்டான்:

“கூட யாரு வந்திருக்கீங்க?”

அண்ணி பழக்கத்தில், “நான்தான்,” என்றாள். யாரும் சிரிக்கவில்லை. நாத்தனார் எழுந்து, “நான் வந்திருக்கேன்,” என்றாள்.

அண்ணி அவன் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் எதுவுமே தெரியவில்லை. கண் இருக்கும் இடத்தில் இரண்டு நிழல், வாய் இருக்கும் இடத்தில் ஒரு கோடு. கண்ணாடி நாத்தனாரிடம் இருந்தது. கண்ணாடி போட்ட இத்தனை பேர் இந்தக் கதவிலிருந்து இப்படித்தான் வெளியே வந்திருக்கிறார்கள், எதிரே நிற்கிறவர் முகம் தெரியாமல். அதைப் படித்தது எப்போதும் அவள் மட்டும்தான்.

டெக்னீஷியன் நாத்தனாரைத் தள்ளி அழைத்துப்போய் ஏதோ சொன்னான். அவள் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடியை எடுத்து முந்தானையால் துடைக்க ஆரம்பித்தாள்.

“குடுடி.”

“இருங்க, அழுக்கா இருக்கு.”

துடைத்தாள். ஊதிவிட்டு மறுபடி துடைத்தாள். கண்ணாடி எப்போதோ சுத்தமாகியிருக்கும். அவள் துடைத்துக்கொண்டிருந்தது கண்ணாடியை இல்லை என்று அண்ணிக்குத் தெரிந்தது. கேட்காமல் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கடைசியில் நாத்தனார் கண்ணாடியை அவளே மாட்டிவிட்டாள். அப்போது அவள் முகம் சரியாகத்தான் இருந்தது.

“டாக்டரு இன்னைக்கே பாத்துட்டுப் போகச் சொல்றாரு. வாங்க போவோம்.”

டாக்டர் திரையில் காட்டினார். கழுத்து எலும்புகளுக்கு நடுவில் ஒரு ஜவ்வு பிதுங்கி நரம்பை நெரித்துக்கொண்டிருந்தது. வேறு எதுவும் இல்லை. ஆனால் இதுவே இன்னும் கொஞ்ச நாள் போனால் கை போய்விடும், காலும் தள்ளாடும். உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார். “எவ்வளவு நாளா மரத்துப் போயிருக்கு?” என்று கேட்டார். அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். “ரொம்ப நாளா,” என்றாள் நாத்தனார். “எங்க அண்ணிக்கு வழி தெரியலை. அதான் நான் கூட்டிட்டு வந்தேன்.”

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் மிச்சமிருந்த பிஸ்கட்டை மூன்று பேரும் தின்றார்கள். மாவு மில்காரருக்கும் கிட்டத்தட்ட அதே கோளாறுதான், இடுப்பில். மாத்திரையும் பயிற்சியும் போதும் என்றிருந்தார்கள். அவர் பாக்கெட்டில் பாதியைத் தீர்த்தார்.

ஆபரேஷன் முடிந்து அவள் மறுபடி வேலைக்கு வர மழைக்காலம் ஆகிவிட்டது. வீட்டுக்காரர் ஆபரேஷன் அன்று சிட்டி ஆஸ்பத்திரி வாசல்வரை வந்து, உள்ளே கால் வைக்காமல், வெளியே இருந்த பஞ்சர் கடைக்காரரோடு நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தார் என்று நாத்தனார் இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள். கை முழுதாகத் திரும்பவில்லை. சுண்டுவிரலும் அதற்கடுத்த விரலும் இன்னும் தூங்குகின்றன. ஆனால் விரிப்பின் முனை நழுவுவதில்லை.

ஸ்கேன் அறைக்கு மிஷின் இன்னும் வரவில்லை. பலகைக்கு மட்டும் புதுசாக நீலம் அடித்திருக்கிறார்கள். லீவு நாளில் அவள் யாரையாவது கூட்டிக்கொண்டு மலை இறங்குகிறாள். வழியில் பயப்படுகிறவர்களிடம் இப்போது வேறு மாதிரி சொல்கிறாள்.

“சத்தமாத்தான் இருக்கும். மாவு மில்லுக்குள்ள தலையை விட்ட மாதிரி. மூக்கு அரிக்கும், சொறிய விடமாட்டாங்க. நானே போயிருக்கேன்.”

முன்பைவிட இதைக் கேட்டுத்தான் ஆட்கள் சீக்கிரம் எழுந்து உள்ளே போகிறார்கள். ஏன் என்று அவளுக்கும் புரியவில்லை.

சுருக்குப்பையை இன்னும் பொத்திப் பிடித்துக்கொண்டுதான் உட்காருகிறாள். கதவு திறந்து ஆள் வெளியே வந்ததும் மோதிரத்தையும் தோட்டையும் சாவியையும் உடனே எடுத்துக் கொடுத்துவிடுகிறாள். கண்ணாடியை மட்டும் உடனே கொடுப்பதில்லை. அது எப்போதும் கொஞ்சம் அழுக்காக இருக்கிறது. டெக்னீஷியன் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு, பிறகு தலையைக் குனிந்து, முந்தானை நுனியால், அவசரமில்லாமல் துடைக்கிறாள்.